பழைய கார் ‘கிணிகிணி’ என்கிறதா? விற்க ஓடாதீர்கள்!

மேடு ஏறும்போது கார் சத்தம் போடுகிறது. தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். உடனே வீட்டில் பயம் வந்துவிடுகிறது. “என்ஜின் போய்விட்டது” என்கிறார் ஒருவர். “வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்” என்கிறார் இன்னொருவர்.

இரண்டும் அவசரப் பேச்சு. பெரும்பாலான கார்களில் அந்தச் சத்தம் சாவு மணி அல்ல, எச்சரிக்கை மணி!

அதைக் கேட்கத் தெரிந்தால் காரும் பிழைக்கும், பணமும் மிஞ்சும். காரணத்தைத் தேடாமல் சத்தத்தை மட்டும் அடக்கப் பார்த்தால் ஆபத்து வரும். ஒரு காருக்கு மட்டும் அல்ல, உலகத்துக்கே அப்படி ஓர் ஆபத்து வந்த கதை உண்டு.

தட்டிப் பார்த்த ஊர்

அரக்கோணம் ரெயில் ஊர். தென்னிந்தியாவின் முதல் ரெயில் 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அது அரக்கோணம் வழியாகத்தான் போயிற்று.

நீராவி என்ஜின் காலத்தில் பெரிய ரெயில் நிலையங்களில் ஒரு காட்சி உண்டு. ரெயில் வந்து நின்றதும் நீண்ட பிடி போட்ட சுத்தியலுடன் ஓர் ஊழியர் வருவார். ஒவ்வொரு சக்கரமாகத் தட்டுவார். ‘டங்’ என்று மணி போல ஒலித்தால் சக்கரம் நல்ல சக்கரம். ‘டொக்’ என்று செத்த சத்தம் வந்தால் விரிசல் இருக்கிறது என்று பொருள். அவர் கையில் வேறு கருவி கிடையாது. சுத்தியலும் காதும்தான்!

ரெயில்வேக்காரருக்கு மட்டுமா இந்த வித்தை தெரியும்? சந்தையில் மண்பானை வாங்கும் பெண்மணி சுண்டிப் பார்த்துத்தான் வாங்குகிறார். தேங்காய் வாங்குகிறவர் தட்டிப் பார்க்கிறார். சத்தத்தைக் கேட்டு உள்ளே இருப்பதை அறிவது நம் குடும்பங்களுக்குப் புதிது அல்ல.

பானைக்கும் தேங்காய்க்கும் காட்டுகிற பொறுமையைப் பல ஆயிரம் ரூபாய் போட்டு வாங்கிய காருக்கு மட்டும் ஏன் காட்டக் கூடாது?

யாருக்கு நஷ்டம்?

பழைய கார் எல்லாருக்கும் ஆடம்பரப் பொருள் அல்ல. பலருக்கு அது பிழைப்பு. மாருதி 800 கார் 1983-ம் ஆண்டு இறுதியில் ஓடத் தொடங்கியது. அதன் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. அம்பாசிடர் கார் உற்பத்தியும் அதே 2014-ல் நின்றது. ஆம்னி வேன் 2019-ல் நின்றது. ஆனால் ரோட்டில் அவை இன்னும் முழுதாக மறையவில்லை.

காய்கறி ஏற்றுகிறவர், பந்தல் சாமான் ஏற்றுகிறவர், வயதான தாயாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறவர் என்று எத்தனையோ பேருக்குப் பழைய வண்டிதான் துணை. இவர்களிடம் ஒரு தரகர் வந்து பேசுவதை எண்ணிப் பாருங்கள்.

“அண்ணே, என்ஜின் உள்ளே எல்லாம் போச்சு. பிரிச்சா பெரிய செலவு. இப்பவே கொடுத்தா ஏதோ ஒரு விலை கிடைக்கும்.”

“நேத்து வரைக்கும் நல்லாத்தானேப்பா ஓடிச்சு?”

“நேத்து ஓடும் அண்ணே. நாளைக்கு நடுரோட்டுல நிக்கும்.”

முடிந்தது! அரை விலைக்கு வண்டி கைமாறுகிறது. வாங்கியவர் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டுகிறார். ஒரு சிறு ஸ்குரூவைத் தளர்த்தி, ஒரு பாகத்தை விரல் அளவுகூட இல்லாமல் சற்றே திருப்புகிறார் மெக்கானிக். சத்தம் நின்றுவிடுகிறது. விற்றவருக்குப் போனது போனதுதான்.

சத்தம் எப்படிப் பிறக்கிறது?

பெட்ரோல் என்ஜினுக்குள் சிலிண்டர் என்ற குழல் இருக்கிறது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையை நெருக்குகிறது. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால், பிளக்கில் ஒரு பொறி விழுகிறது. கலவை எரிகிறது. எரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலில்தான் கார் ஓடுகிறது.

என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 தடவை பொறி விழ வேண்டும். எவ்வளவு வேகம் பாருங்கள்!

நல்ல என்ஜினில் தீ ஒழுங்காகப் பரவும். பிளக்கின் பக்கத்தில் பிடித்த தீ, வைக்கோல் போரில் பிடித்த தீயைப் போல ஓரத்தை நோக்கி வரிசையாகப் போகும்.

என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகி இருந்தால்? அல்லது பொறி முன்கூட்டியே விழுந்தால்? அப்போது ஓரத்தில் இருக்கும் கலவை தன் முறை வரும்வரை காத்திருப்பதில்லை. நெருக்கடியும் சூடும் தாங்காமல் அது தானாகவே ‘பட்’ என்று வெடிக்கிறது. அந்த அதிர்ச்சி சிலிண்டர் சுவரில் மோதுகிறது. சுவர் கோவில் மணி போல அதிர்கிறது. நொடிக்கு 6,000, 7,000 தடவை அதிரும் கூர்மையான ஒலி அது. அதுதான் நாம் கேட்கும் ‘கிணிகிணி’. மெக்கானிக்குகள் இதை ‘நாக்கிங்’ என்கிறார்கள்.

சத்தத்தால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். பிஸ்டன் அலுமினியக் கலப்பால் ஆனது. அலுமினியம் 660 டிகிரி சூட்டில் உருகிவிடும். சிலிண்டரில் எரியும் வாயுவின் சூடோ 2,000 டிகிரிக்கு மேல்! பிறகு பிஸ்டன் எப்படி உருகாமல் இருக்கிறது? உலோகத்தை ஒட்டி மெல்லிய வாயுப் படலம் ஒன்று போர்வை போலக் காக்கிறது. என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரும் எண்ணெயும் சூட்டை வாங்கிக்கொள்கின்றன.

நாக்கிங் வந்தால் அந்தப் போர்வை கிழிகிறது. சூடு நேராக உலோகத்தைத் தாக்குகிறது. எப்போதாவது ஒரு தடவை மேட்டில் ‘கிணி’ என்றால் பாதகம் இல்லை. நாள்தோறும் தட்டினால் பிஸ்டன் தலை அரிக்கும். ரிங் உடையும். ஹெட் கேஸ்கட் போகும். அப்போதுதான் தரகர் சொன்ன பெரிய செலவு உண்மையாகவே வந்து சேரும்.

டெல்கோவும் சிவப்பு இலையும்

இந்தச் சத்தம் 100 வருஷங்களுக்கு முன் அமெரிக்காவையே அலைக்கழித்தது.

தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் பாகத்தை ‘டெல்கோ’ என்பார்கள். அது ஒரு கம்பெனியின் பெயர். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் 1909-ல் தொடங்கிய கம்பெனி அது. பேட்டரியில் இருந்து பொறி எடுக்கும் முறையை அவர் கார்களில் கொண்டுவந்தார். கையால் சுற்றாமல் காரைக் கிளப்பும் ஸ்டார்ட்டரையும் அவரே செய்தார். கார்கள் தட்டத் தொடங்கியபோது, “கெட்டரிங்கின் பொறியால்தான் இந்தச் சத்தம்” என்று பழி சொன்னார்கள்.

பழியைத் துடைக்க நினைத்த கெட்டரிங், 1916-ல் தாமஸ் மிட்கிலி என்ற இளம் என்ஜினீயரை ஆராயச் சொன்னார். பொறியில் மட்டும் குற்றம் இல்லை, பெட்ரோல் எரியும் விதத்திலும் குற்றம் இருக்கிறது என்று மிட்கிலி கண்டார். பனிக்கு அடியிலும் பூக்கும் சிவப்பு இலைச் செடி ஒன்றை நினைத்து, எரிபொருளைச் சிவப்பாக்கினால் அது சூட்டை நன்றாக வாங்கும் என்று இருவரும் எண்ணினார்களாம்! சிவப்புச் சாயம் கைக்குக் கிடைக்கவில்லை. அயோடினைக் கலந்தார்கள். என்ன ஆச்சரியம், சத்தம் நின்றது! பிறகு உண்மையான சாயத்தைக் கலந்தார்கள். சத்தம் நிற்கவில்லை. வேலை செய்தது நிறம் அல்ல, அயோடின்தான் என்று தெரிந்தது.

அயோடின் விலை அதிகம். அதனால் வேறு பொருளைத் தேடினார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பல பொருள்களைக் கலந்து பார்த்தார்கள். 1921-ம் ஆண்டு டிசம்பரில் ஈயம் கலந்த ஒரு திரவம் அகப்பட்டது. ஒரு காலன் பெட்ரோலுக்கு ஒரு சிறு கரண்டிக்கும் குறைவாக ஊற்றினால் போதும், சத்தம் அடங்கிவிடும். 1923-ல் விற்பனை தொடங்கியது.

சத்தம் அடங்கியது, விஷம் பரவியது

ஈயம் விஷம் என்பது அப்போதே தெரிந்த விஷயம். 1924-ம் ஆண்டு அக்டோபரில் நியூஜெர்சியில் அந்தத் திரவத்தைத் தயாரித்த இடத்தில் தொழிலாளர்களுக்குச் சித்தம் கலங்கியது. 5 பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள்.

மிட்கிலி என்ன செய்தார் தெரியுமா? பத்திரிகைக்காரர்களைக் கூட்டி, அந்தத் திரவத்தில் கை கழுவிக் காட்டினார். அதன் ஆவியையும் முகர்ந்து காட்டினார். அதற்கு முந்திய வருஷம் ஈயத்தால் உடல் கெட்டு ஓய்வு எடுத்தவரும் இதே மிட்கிலிதான்!

இதில் வேதனையான சங்கதி ஒன்று உண்டு. ஆல்கஹால் கலந்தாலும் சத்தம் நிற்கும் என்பது அந்த ஆராய்ச்சியாளர்களுக்குத் தெரியும். இருந்தும் ஈயம்தான் கடைக்கு வந்தது. அது உலகம் முழுவதும் பரவியது. ஒவ்வொரு காரின் புகையிலும் ஈயம் வெளியே வந்தது. தெருவில் விளையாடிய குழந்தைகள் அதைச் சுவாசித்தார்கள். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

1965-ல் கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி, மனிதர் உடம்பில் ஈயம் இயற்கை அளவை விடப் பல மடங்கு ஏறிவிட்டது என்று எழுதினார். அதன் பிறகும் மாற்றம் மெல்லத்தான் வந்தது. இந்தியாவில் சென்னை, டெல்லி, மும்பை, கல்கத்தா ஆகிய 4 பெருநகரங்களில் 1995-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி ஈயம் இல்லாத பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடு அல்ஜீரியா. அங்கே அது நின்றது 2021 ஜூலையில்தான்!

ஒரு சத்தத்தை அடக்க உலகம் கொடுத்த விலை இது. காரணத்தைச் சரிசெய்வதை விட வாயை அடைப்பது சுலபமாக இருந்தது. அந்தச் சுலபத்துக்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகள்.

இன்றைய பெட்ரோல் மேல் பழி போடலாமா?

பெட்ரோல் எவ்வளவு நெருக்கடியைத் தாங்கும் என்பதற்கு ‘ஆக்டேன்’ என்று ஓர் அளவு உண்டு. எண் கூடினால் சத்தம் குறையும். 2000-ம் ஆண்டு வாக்கில் இந்தியாவில் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் 87, 88 அளவில் இருந்தது. பிறகு 91 ஆனது. 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமானது. எத்தனால் என்பது அதே ஆல்கஹால்தான். 100 வருஷத்துக்கு முன் ஒதுக்கப்பட்ட மருந்து இப்போது திரும்பி வந்திருக்கிறது! இந்தக் கலப்புப் பெட்ரோலின் ஆக்டேன் சுமார் 95.

இங்கேதான் பழைய கார் வைத்திருப்பவர் நன்றாக யோசிக்க வேண்டும். பழைய பெட்ரோல் என்ஜின்கள் கலவையை 7 மடங்கு, 8 மடங்கு, மிஞ்சினால் 9 மடங்குதான் நெருக்குகின்றன. புதிய என்ஜின்களோ 10 மடங்குக்கு மேல் நெருக்குகின்றன. குறைவாக நெருக்கும் பழைய என்ஜினுக்கு 95 ஆக்டேன் தாராளம். அப்படி இருந்தும் தட்டுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் என்ஜினிடம் இருக்கிறது.

ஆகவே 100 ஆக்டேன் பெட்ரோலை அதிக விலை கொடுத்துப் போடுவதும், ‘சத்தம் போக்கும் மருந்து’ என்று பாட்டில் பாட்டிலாக வாங்கி ஊற்றுவதும் வீண் செலவு. தலைவலிக்குக் காரணம் தெரியாமல் தினமும் மாத்திரை விழுங்குவது போன்றது அது.

எத்தனாலுக்கும் ஒரு குறை உண்டு. பழைய கார்களின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை இளகலாம், வெடிக்கலாம். டாங்கியின் அடியில் தங்கிய அழுக்கை எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து கார்புரேட்டரை அடைக்கலாம். கார்புரேட்டர் உள்ள காரில் கலவையும் சற்று நீர்த்துப் போகும். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்த கலவை என்ஜினைச் சூடாக்கும். சூடு சத்தத்தைக் கொண்டுவரும். எனவே பழைய குழாய்களை மாற்றுவதும் கார்புரேட்டரைச் சுத்தம் செய்வதும் அவசியம்.

நான்கு சத்தம், நான்கு குணம்

எல்லாச் சத்தமும் நாக்கிங் அல்ல. வண்டியை ஓட்டுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

கிணிகிணி: மேடு ஏறும்போதும், பாரத்துடன் இழுக்கும்போதும் மட்டும் வரும். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் உடனே நிற்கும். இதுதான் நாக்கிங்.

டிக் டிக்: வண்டி நிற்கும்போதும் கேட்கும். என்ஜின் வேகம் கூடினால் இதுவும் வேகமாகும். பாரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது டாப்பெட் சத்தம். இடைவெளியைச் சரிசெய்தால் போதும்.

சட சட: காலையில் கிளப்பியதும் பலமாகக் கேட்கும். சூடானதும் குறையும். புகைக் குழாய் சேரும் இடத்தில் கசிவு இருக்கலாம்.

டொம் டொம்: அடியில் இருந்து வரும் கனத்த சத்தம். கூடவே எண்ணெய் விளக்கும் எரிந்தால் வண்டியை உடனே நிறுத்துங்கள். இது பேரிங் சத்தம். இதில் ஒரு கிலோமீட்டர் தூரம்கூடத் துணிச்சல் கூடாது.

இந்த நான்கையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த குடும்பத்தை எந்தத் தரகரும் ஏமாற்ற முடியாது.

முதலில் காசில்லாத வைத்தியம்

நாக்கிங்தான் என்று தெரிந்துவிட்டால், எடுத்ததும் என்ஜினைப் பிரிக்கக் கூடாது. காசில்லாத சோதனை முதலில், சில்லறைச் செலவு அடுத்து, பெரிய செலவு கடைசியில். இந்த வரிசைதான் குடும்பத்துக்கு ஏற்றது.

முதல் சோதனை ஓட்டுகிறவருக்கு! அரக்கோணத்தில் இருந்து திருத்தணி போகிறார்கள். காரில் 5 பேர், பின்னால் மூட்டை. கீழே படி ஏறும் பக்தர்கள் 365 படிகளையும் மூச்சு வாங்கி நின்று நின்று ஏறுகிறார்கள். கார்க்காரரோ மலைப் பாதையில் டாப் கியரை விடாமல் ஆக்சிலேட்டரை அழுத்துகிறார். என்ஜின் திணறுகிறது, தட்டுகிறது. ஒரு கியர் குறைத்தால் சத்தம் நின்றுவிடும். செலவு ஒன்றும் இல்லை!

ஜோலார்பேட்டை பக்கம் ஏலகிரி மலைப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். அங்கே கியர் குறைக்காமல் ஏறினால், எந்தப் புலவர் பெயரைச் சொன்னாலும் என்ஜின் ஏறாது!

தண்ணீரைக் கவனியுங்கள்

இரண்டாவது சோதனை சூடு. வேலூர் வட்டாரத்தில் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ரேடியேட்டர் அடைத்திருந்தால் என்ஜின் கொதிக்கும். சூடான என்ஜினில் கலவை தானாகவே வெடிக்கும்.

பலர் ரேடியேட்டரில் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றுகிறார்கள். அரக்கோணம் முதல் ஆம்பூர் வரை பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு நீர். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவால் தண்ணீர் கெட்டதை 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி தந்த தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டே எடுத்துச் சொன்னது. குடிக்க ஆகாத தண்ணீர் காருக்கு மட்டும் ஆகுமா? வெந்நீர்ப் பானையில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். தண்ணீர் ஓட்டம் குறையும். சூடு ஏறும்.

கடையில் விற்கும் கூலண்டை ஊற்றுவது நல்லது. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்! பேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பொறி, பிளக், கரி

மூன்றாவது, பொறி விழும் நேரம். மெக்கானிக்குகள் ‘டைமிங்’ என்பது இதைத்தான். டெல்கோவைப் பிடித்திருக்கும் பிடியைத் தளர்த்திச் சற்றே திருப்பினால் பொறி முந்தும், அல்லது பிந்தும். பொறி முந்தினால் தட்டும். டெல்கோவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் இளகினாலும், பாயிண்ட் இடைவெளி கூடினாலும் பொறி முந்தும். டைமிங் விளக்கு வைத்துப் பார்த்தால் சில நிமிஷ வேலை.

இதிலும் ஒரு தவறான வழி உண்டு. காரணம் வேறாக இருக்க, சத்தத்தை நிறுத்துவதற்காகவே பொறியை அளவுக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். சத்தம் நிற்கும். ஆனால் இழுவை போகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், என்ஜின் இன்னும் சூடாகும்.

நான்காவது, பிளக். பிளக்கைக் கழற்றி அதன் முகத்தைப் பாருங்கள். இளம் பழுப்பு என்றால் சுகம். வெள்ளை வெளேர் என்று வெந்திருந்தால் சூடு அதிகம். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் உள்ளே எண்ணெய் கசிகிறது. மிளகுப் பொடி தூவியது போலப் புள்ளிகள் இருந்தால் நாக்கிங் பலமாக இருக்கிறது. அந்தக் காருக்கு உரிய எண் கொண்ட பிளக்தானா என்பதும் முக்கியம்.

ஐந்தாவது, கரி. பல வருஷம் ஓடிய என்ஜினில் பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் கரி படிகிறது. அடுப்பங்கரைச் சுவரில் படியும் கரி போலத்தான். கரி இடத்தை அடைக்கிறது, அதனால் நெருக்கடி கூடுகிறது. கரி கங்கு போலக் கனன்று, பொறி விழும் முன்பே தீ வைப்பதும் உண்டு. சாவியை எடுத்த பிறகும் கார்புரேட்டர் கார் இரண்டு மூன்று தடவை குலுங்கிவிட்டு நின்றால் கரியைச் சந்தேகிக்கலாம். ஹெட்டைக் கழற்றிக் கரி எடுக்க வேண்டியது அப்போதுதான்.

புதிய கார்களில் நாக்கிங் சத்தத்தைக் கேட்கும் ஒரு சிறு கருவி என்ஜினிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது. ஓட்டுகிறவர் காதில் விழும் முன்பே கம்ப்யூட்டர் பொறியைச் சரிசெய்துவிடும். பழைய காருக்கு அந்தக் காது இல்லை. ஓட்டுகிறவரின் காதுதான் அதன் காது!

“பழைய கார் ஒழிந்தால் நல்லதுதானே?”

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. புகை கக்கும் வண்டிகள் போகட்டும் என்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. என்ஜின் உண்மையிலேயே தேய்ந்து, பிரேக் பிடிக்காமல், அடித்தட்டு துருப்பிடித்த வண்டியை ரோட்டில் ஓட்டுவது பாவம். அதை ஒழித்துக்கட்டத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு வண்டியை ஒழிப்பதா, வைப்பதா என்பதைச் சோதனை முடிவு செய்ய வேண்டும். பயம் முடிவு செய்யக் கூடாது. பயந்து விற்ற வண்டி ஒழிந்துவிடுவதும் இல்லை. வேறொருவர் கையில் அதே ரோட்டில்தான் ஓடுகிறது. வண்டி ஒழியவில்லை, ஏழைக் குடும்பத்தின் பணம்தான் ஒழிந்தது.

செய்ய வேண்டியது என்ன?

மெக்கானிக்குகளுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. “போச்சு” என்று ஒரே வார்த்தையில் சொல்லக் கூடாது. வண்டிக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு மேட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். கழற்றிய பிளக்கைக் கையில் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்யும் நல்ல மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வாடிக்கையும் குறைவதில்லை.

பெட்ரோல் பங்குகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. எத்தனை சதவீதம் எத்தனால், எத்தனை ஆக்டேன் என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், பம்பிலேயே எழுதி வைக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் அது புரிய வேண்டும். காசு கொடுக்கிறவருக்குத் தான் வாங்குவது என்ன என்று தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

வண்டிக்காரரின் பொறுப்பு எல்லாவற்றையும் விடச் சுலபம். மேட்டில் ஏறும்போது பாட்டை ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். காது கொடுங்கள். எப்போது சத்தம் வந்தது, எந்தக் கியரில் வந்தது, காலை எடுத்ததும் நின்றதா என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாலு வரித் தாளை மெக்கானிக்கிடம் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

குழந்தை அழுதால் தாய் அதன் வாயைப் பொத்துவதில்லை. பசியா, வயிற்று வலியா, எறும்பு கடித்ததா என்று பார்க்கிறாள். காரின் அழுகைக்கும் அதே நியாயம்தான். சத்தத்தை அடக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்!